குழந்தை பிறந்தால் பிசிஓஎஸ் போய்விடுமா?

“கல்யாணம் ஆனா சரியாயிடும்”, “ஒரு குழந்தை பெத்துக்கிட்டா எல்லாம் ஒழுங்காயிடும்.” மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகும் பெண்களுக்கு வீட்டார் சொல்லும் ஆறுதல் இது. குழந்தையும் பிறந்துவிட்டால் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். ஆனால் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு பிரசவத்தோடு முடிவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகும் அதன் பாதிப்புகள் தொடரக்கூடும்.

இனப்பெருக்க வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் 7 பெண்களிடம் இதைக் கண்டு எழுதியபோது, கவனமெல்லாம் சினைப்பையின் மீதே இருந்தது. ஸ்கேனில் நீர்க்கட்டிகளாகத் தெரிபவை உண்மையில் பாதி வளர்ச்சியில் நின்றுபோன முட்டைப் பைகள்.

பலருக்கு இதன் பின்னணியில் இருப்பது இன்சுலின். உடல் அதற்குச் சரிவரக் கட்டுப்படாதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுதியான இன்சுலின், ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும்படி சினைப்பையைத் தூண்டுகிறது. முகத்தில் முடி, பருக்கள், முட்டை வெளிப்படாமை எல்லாம் இதன் விளைவுகள். சிலருக்குப் பின்கழுத்துத் தோல் கருத்துத் தடித்துவிடும். அழுக்கென்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்ப்பார்கள், போகாது. இன்சுலின் கூடியிருப்பதைத் தோல் காட்டும் அடையாளம் அது.

எனவே முதல் ஆபத்து சர்க்கரை நோய். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் விலக்கில்லை. வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்தால் சிலருக்கு நோய் தெரியாமல் தப்பிவிடும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பதே நம்பகமானது. ஆபத்தின் அளவைப் பொறுத்து 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கர்ப்பம் தரித்தால் தொடக்கத்தில் ஒருமுறை, 24-28 வாரங்களில் மறுமுறை. ரத்த அழுத்தம், கொழுப்பு, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றையும் மருத்துவர் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து கருப்பையில். முட்டை வெளிப்படாவிட்டால் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் இடைவிடாமல் தூண்டுவதால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுகிறது. இளம் வயதில் அது அரிதுதான், பதற வேண்டியதில்லை. ஆனால் ஹார்மோன் மருந்து எதுவும் எடுக்காத நிலையில் மாதவிடாய் 90 நாட்களுக்கு மேல் தள்ளிப்போனால், “வராமல் இருப்பதும் நிம்மதிதான்” என்று இருந்துவிடக் கூடாது. பலர் தயங்கும் ஹார்மோன் மாத்திரைகள், கர்ப்பத் தடுப்புக்காக மட்டுமல்ல, உட்சுவரைக் காப்பதற்காகவும் தரப்படுகின்றன.

பிசிஓஎஸ்ஸுக்கென்று தனி டயட் கிடையாது; எந்த உணவுமுறையும் மற்றதைவிட மேல் என்று நிரூபிக்கப்படவில்லை. கடைப்பிடிக்க முடிகிற சாப்பாடு, வாரம் 150 நிமிட வேக நடை, 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி போதும். எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே பலன் தெரியும். எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சியின் பயன் வீண்போகாது. தேவைப்பட்டால் மெட்ஃபார்மின் மருந்து இன்சுலின் சரிவர வேலை செய்யவும், லெட்ரோசோல் மருந்து கருத்தரிக்கவும் கைகொடுக்கும்.

நாற்பது வயதுக்கு மேல் ரத்த அழுத்தத்துக்காகப் பொது மருத்துவரிடம் போகும் பெண், இருபதுகளில் தனக்குப் பிசிஓஎஸ் கண்டறியப்பட்டதை அவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல், எந்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்ற அவருடைய முடிவையே மாற்றக்கூடும்.