மாஸ்கோ நகரப் பேரவையின் முப்பதாம் தொகுதி

தேர்தல் தொகுதி என்பதனை ஒரு நிலப்பகுதியின் பெயராகக் கொள்வது நம் வழக்கு. ஊர் நிலைத்திருப்பது போலவே தொகுதியும் நிலைத்திருக்கும் என்று கொண்டு அதன் வரலாற்றை எழுதப் புகுகின்றோம். மாஸ்கோ நகரப் பேரவைத் தொகுதிகளை ஆராய்வார்க்கு இக்கருத்து உதவாது. அங்கே தொகுதியை எண்ணால் வழங்குவரேயன்றி ஊர்ப்பெயரால் வழங்குவதில்லை. சட்டம் மாறின் எண் மறையும். பின்னர் மீண்டும் தோன்றும்.

மாஸ்கோ ஒரு நகரமே ஆயினும் உருசியக் கூட்டாட்சியின் உறுப்புகளுள் ஒன்றாக, மாநிலத்திற்கு ஒத்த தகுதி பெற்றது. ஆகலின் அதன் 'டூமா' நகராட்சி மன்றம் அன்று. மாநிலச் சட்டமன்றத்திற்கு நிகரானது. டூமா என்னும் சொல் 'எண்ணுதல்' என்னும் பொருளுடைய உருசிய வினையோடு உறவுடையது. தொகுதியைக் குறிக்கும் 'ஓக்ருக்' என்பதோ வட்டம் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது. நாமும் நிலப்பிரிவை 'வட்டம்' என வழங்குதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

1993 திசம்பர் 12-ஆம் நாள் இப்பேரவைக்கு முதல் தேர்தல் நடைபெற்றது. உறுப்பினர் 35 பேர். ஒரு தொகுதிக்கு ஒருவர். 1997, 2001 ஆகிய ஆண்டுகளிலும் இம்முறையே நின்றது. 2005-இல் கட்சிப் பட்டியல் முறை புகுந்தமையால் தனித் தொகுதிகள் 15 ஆகச் சுருங்கின. 2009-இல் 17 ஆயின. எனவே இவ்விரு தேர்தல்களிலும் முப்பதாம் எண்ணுக்கு இடமே இல்லாது போயிற்று. 2014-இல் பட்டியல் முறை நீங்கி 45 தனித் தொகுதிகள் வகுக்கப்பட்டபோது அவ்வெண் மீண்டும் வந்தது. 2019-இல் அது தென்மாஸ்கோவின் செர்த்தானவோ பகுதியைச் சார்ந்திருந்தது. 2001-இன் முப்பதையும் 2019-இன் முப்பதையும் ஒரே தொகுதியெனக் கொண்டு வாக்குகளை ஒப்பிடுதல், பெயர் ஒன்றாயிருத்தல் கருதி இரு புலவரை ஒருவராக்குவது போன்ற பிழையாம்.

இத்தொகுதி ஆராய்ச்சிக்குரியதாயினது 2019 செப்டம்பர் 8-ஆம் நாள் தேர்தலால். அவ்வாண்டு கட்சித் துணையின்றி நிற்க விரும்பினோர் தம் தொகுதி வாக்காளருள் நூற்றுக்கு மூவர் வீதம் கையொப்பம் திரட்ட வேண்டியிருந்தது. அஃது ஏறத்தாழ ஐயாயிரமாகும். எதிர்ப்பணியினர் பலருடைய கையொப்பங்கள் செல்லா என்று தள்ளப்பட்டன. இலியா யாஷின், லியுபோவ் சோபல் முதலியோர் இவ்வாறு விலக்கப்பட்டனர். சூலைத் திங்களிலும் ஆகத்துத் திங்களிலும் மக்கள் தெருவில் திரண்டனர். சூலை 27 ஒருநாளில் மட்டும் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். இந்நிலையில் கையொப்பம் திரட்டிப் பதிவு பெற்ற மிகச் சிலருள் ஒருவர் முப்பதாம் தொகுதியின் ரோமான் யூனெமான். அவரை எதிர்த்தவர் மார்கரீத்தா ருசேத்ஸ்கயா. புஷ்கின் பெயரால் அமைந்த உருசிய மொழிக் கல்வி நிலையத்தின் தலைவர். ஆளுங்கட்சியின் சார்புடையோர் அவ்வாண்டு கட்சிப்பெயரை விடுத்துத் தற்சார்பாகவே நின்றனர். அவரும் அவ்வாறே நின்றார்.

முடிவில் ருசேத்ஸ்கயா 84 வாக்கு மிகுதியால் வென்றார். இந்த எண்பத்து நான்குக்குக் காரணம் யாது?

இணையவழி வாக்களிப்பு அவ்வாண்டு மூன்று தொகுதிகளில் மட்டும் சோதனையாக நடைபெற்றது. அவற்றுள் முப்பதும் ஒன்று. முன்னரே பதிவு செய்தோரே இம்முறையில் வாக்களிக்கலாம். மூன்றிலும் சேர்த்து அத்தகையோர் 11,000 அளவினர். தாளில் இட்ட வாக்குகளை எண்ணியபோது யூனெமான் முந்தினார். மின்வாக்குகளைச் சேர்த்தபோது பிந்தினார். தேர்தல் நாளன்று அவ்வமைப்பு இடையிடையே நின்றும் போயிற்று. அதற்கு முந்திய திங்களிலேயே பிரான்சு நாட்டு ஆய்வாளர் பியரிக் கோத்ரி அதன் மறைகுறியீட்டை அரைமணி நேரத்திற்குள் உடைக்கலாம் எனக் காட்டியிருந்தார். அதன்பின் திறவெண் நீட்டப்பட்டது.

மற்றொரு காரணமும் உண்டு. அலெக்சேய் நவால்னியின் அணியினர், ஆளுங்கட்சியினரை வெல்லும் வாய்ப்புடையோர் எனத் தாம் கருதிய ஒருவரைத் தொகுதிதோறும் சுட்டினர். 'அறிவார்ந்த வாக்கு' என்பது அத்திட்டத்தின் பெயர். முப்பதாம் தொகுதியில் அவர்கள் சுட்டியது யூனெமானை அன்று. பொதுவுடைமைக் கட்சியின் விளாதிஸ்லாவ் ஜுக்கோவ்ஸ்கியை. அவர் யூனெமானுக்கும் பின்னே நின்றார். நகர முழுமைக்கும் நோக்கின் அத்திட்டம் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. 45 இடங்களுள் 20 எதிர்க்கட்சிகளுக்குச் சென்றன. இந்த ஓரிடத்தில் மட்டும் அதுவே எதிர்வாக்கைப் பிளந்தது என்று கொள்ள இடமுண்டு.

இவ்விரண்டனுள் எது மெய்க்காரணம் எனத் துணிதல் எளிதன்று. 84 என்னும் சிறு தொகைக்கு இரண்டுமே போதிய காரணங்களாம். ஆயினும் அவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. வாக்குப் பிளவினை எண்ணிக்கைத் தாளிலேயே காணலாம். மின்வாக்கினை மேற்பார்வையாளர் கையிலெடுத்து எண்ணிப் பார்க்க வழியில்லை. ஏடு கைக்கு எட்டின் பாடவேறுபாட்டை ஒப்புநோக்கித் தீர்க்கலாம். ஏடே காட்டப்படாதவிடத்து இது மூலபாடம் என்று எவ்வாறு துணிவது? பொறி தடைப்பட்டமை பொய் நிகழ்ந்தமைக்குச் சான்றாகாது; பொய் நிகழவில்லை என்பதற்கும் அங்கே சான்று கிடைத்திலது. யூனெமான் நீதிமன்றம் சென்றார்; முடிவு மாறவில்லை.

முப்பதாம் தொகுதியில் தோன்றிய வழக்கு அத்தொகுதியோடு நின்றுவிடவில்லை. 2021 செப்டம்பரில் நாட்டுப் பேரவைத் தேர்தலின்போது இணையவாக்கு மாஸ்கோ முழுதும் பரவியது. மேற்கே குன்ச்சேவோ தொகுதியில் கணித ஆசிரியர் மிகயில் லொபானவ் தாள் வாக்குகளில் முந்தி, மின்வாக்குகள் சேர்ந்தபின் தொலைக்காட்சியாளர் எவ்கேனி பொப்போவிடம் தோற்றார். நகரின் வேறு சில தொகுதிகளிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. 2024 செப்டம்பர் 6 முதல் 8 வரை நகரப் பேரவைக்கு மீண்டும் தேர்தல் நடைபெற்றபோது மின்வாக்கே பொதுமுறையாயிற்று. தாளில் வாக்களிக்க விரும்பினோர் அதற்கென முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.