ஓலையும் பஞ்சுக்கம்பியும்: வகுப்பறையிற் சிறுவர் கைவேலை

பிள்ளைகளின் கல்வி கண்ணாலும் காதாலும் மாத்திரம் நிகழ்வதன்று. கையும் ஒரு கல்விக் கருவியேயாம். எழுதுகோலைப் பற்றிச் செலுத்தும் ஆற்றல் ஐந்து வயதுக் குழந்தையின் விரல்களுக்குத் தானாக வந்துவிடாது. மடித்தல், முறுக்குதல், கோத்தல், பின்னுதல் முதலிய சிறு தொழில்களால் விரல்கள் பழகினால் எழுத்தும் எளிதில் வசப்படும். அன்றியும், தன் கையாலே ஒரு பொருளைச் செய்து முடித்த குழந்தைக்கு உண்டாகும் மகிழ்ச்சி, பாடத்தை ஒப்புவித்துப் பெறும் புகழினும் நெடுநாள் நிற்பது. நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியத் தொழிலை மேற்கொள்வோர் பலராதலின், சிறுவர் வகுப்பிற்கு ஏற்ற எளிய கைவேலைகள் சிலவற்றை இங்கு விளக்கக் கருதுகின்றோம். இவற்றுட் சில, இக்காலத்துக் கடைகளில் விற்கும் பைப் கிளீனர் என்னும் பஞ்சுக்கம்பியாற் செய்வன. ஏனையவை நம் வேலியோரத்துப் பனையின் ஓலையாற் செய்வன.

பள்ளியும் ஓலையும்

மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவிலே சிதறால் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்க் குன்றின்மேற் பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களைக் காண நம் மாணவர் பலர் சென்றிருப்பர். திருச்சாரணத்துமலை என்பது அக்குன்றின் பழம்பெயர். ஆய்குல வேந்தனாகிய விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், அஃதாவது 9-ஆம் நூற்றாண்டில், அது சமணத் துறவியர் உறைந்த இடமாயிருந்தது. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரைப்பற்றியும் அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. இத்தகைய துறவியர் உறைவிடத்துக்குப் பள்ளி என்று பெயர். அச்சொல்லே பின்னர் எழுத்தறிவிக்கும் இடத்துக்கும் பெயராயிற்று.

அக்காலந்தொட்டு 19-ஆம் நூற்றாண்டுவரை நம் நாட்டிற் கல்விக்கு உறுதுணையாய் நின்றது பனையோலை. திண்ணைப் பள்ளியிற் சேர்ந்த சிறுவன் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகுவான். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வரும். ஓலையை வாரவும், துளையிட்டுக் கயிறு கோக்கவும், மஞ்சளும் கரியும் பூசி எழுத்து விளங்கச் செய்யவும் மாணாக்கரே கற்றிருந்தனர். ஆகவே அப்பள்ளியில் எழுத்தும் கைத்தொழிலும் வேறுவேறு பாடங்களாய் இருந்தில.

மணலில் எழுதும் அவ்வழக்கம் கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கென 1789-இல் ஏற்பட்ட விடுதியின் தலைவராயிருந்த ஆண்ட்ரு பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியிலும் கைக்கொண்டார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்திற் பரவிற்று. விலையில்லாப் பொருளைக்கொண்டு நம் ஊர்ச் சிறுவர் கற்ற வகையை அந்நாட்டார் வியந்து ஏற்றனர். நாமோ சிலேட்டும் காகிதமும் வந்தவுடன் ஓலையைப் பள்ளியினின்றும் வெளியே அனுப்பிவிட்டோம். அது வாசலுக்கு வெளியே காற்றாடியாகவும் கிலுகிலுப்பையாகவும் சிறுவர் கையிற் சில தலைமுறை விளையாடிக்கொண்டிருந்தது.

கைவேலை கல்வியானமை

கைவேலையைக் குழந்தைக் கல்வியின் நடுவில் வைத்தவருள் முதன்மையானவர் ஜெர்மானியராகிய பிரெடெரிக் புரோபெல். இவர் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரிற் குழந்தைகளுக்கென ஒரு நிலையந் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். காகிதத்தை மடித்தல், காகித இழைகளைப் பின்னுதல், ஊறிய பட்டாணிகளிற் சிறு குச்சிகளைச் செருகி உருவங்கள் அமைத்தல் முதலியன அவர் வகுத்த பயிற்சிகள். நம் நாட்டில் 1937-இல் வார்தாவிற் கூடிய மகாநாட்டின் பயனாக எழுந்த ஆதாரக் கல்வித் திட்டமும் ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்தே பிற பாடங்களைக் கற்பிக்க முயன்றது. 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பலர்க்குப் பயிற்சி அளித்தார். இவர்கள் கொள்கைகள் தம்முள் வேறுபட்டாலும், பொருளைத் தொட்டுப் பயில்வதே குழந்தைக்கு உகந்த வழி என்பதில் ஒன்றுபட்டனர்.

பஞ்சுக்கம்பி

பைப் கிளீனர் என்பது, பெயருக்கேற்ப, புகையிலைக் குழாயைத் துடைப்பதற்கென 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட பொருள். மெல்லிய இரு கம்பிகளின் இடையே பஞ்சிழைகளை வைத்து முறுக்கினால் இது உண்டாகும். விரலின் சிறு அழுத்தத்துக்கே வளைந்து, வளைத்தபடியே நிற்பது இதன் குணம். இதனாற் குழந்தைகளின் விளையாட்டுக்கு உதவுவதாயிற்று. இன்று கைவேலைக்கென்றே பல நிறங்களில், ஓரடி நீளத்தில், செயற்கை இழைகளாற் செய்து விற்கின்றனர். இதனைக்கொண்டு செய்யத்தக்க மூன்று வேலைகளைக் கூறுவோம்.

முதலாவது, எழுத்து. ஒரு கம்பியை ஓரிடத்திற் செங்கோணமாக மடித்தால் ட. ஈரிடத்தில் மடித்தால் ப. இவ்வாறு நேர்கோட்டெழுத்துக்களை முன்னும், உ, வ முதலிய வளைவெழுத்துக்களைப் பின்னும் செய்விக்கலாம். செய்து முடித்த எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாற் தடவி இன்னதென்று சொல்லச் சொன்னால், எழுத்தின் வடிவம் மனத்திற் பதியும்.

இரண்டாவது, எண். ஒரு கம்பியிற் பத்துப் பாசிமணிகளைக் கோத்து இருமுனைகளையும் மடித்துவிடுக. மூன்று மணிகளை ஒருபுறம் தள்ளினால் மறுபுறம் ஏழு. நான்கைத் தள்ளினால் ஆறு. பத்தின் கூறுகள் அனைத்தையும் குழந்தை வாய்பாடின்றியே கண்டுகொள்ளும். குன்றிமணி கண்ணுக்கு அழகாயிருப்பினும் நஞ்சுடையதாதலின் அதனைப் பிள்ளைகள் கையிற் கொடுத்தலாகாது.

மூன்றாவது, பூச்சிகள். மூன்று கம்பித் துண்டுகளைச் சேர்த்து நடுவில் முறுக்கி விரித்தால் ஆறு கால்களையுடைய எறும்பு. நான்கு துண்டுகளாயின் எட்டுக் கால்களையுடைய சிலந்தி. சிலந்தி எறும்பின் இனத்ததன்று என்பதை நூலிற் படிக்குமுன்னே விரல்கள் அறிந்துவிடும். ஒவ்வொரு வேலையிலும் கம்பியின் முனையை உட்புறமாக மடித்துவிடுதல் வேண்டும். இன்றேற் கண்ணிலும் கையிலும் குத்தும்.

ஓலை வேலை

இனிப் பனையோலைக்கு வருவோம். ஓலையின் கருக்கு மட்டையை நீக்குவதும், கத்தியால் ஈர்க்கைக் களைந்து ஓலையை ஒருவிரல் அகலமாக வாருவதும் ஆசிரியர் பொறுப்பு. உலர்ந்த ஓலையைச் சற்று நனைத்து ஈரத்துணியிற் பொதிந்து வைத்தால் முறியாமல் வளையும். ஓரம் கூரியதாதலின் ஓலையை விரைந்து இழுக்கலாகாது என்பதை முதலிலேயே சொல்லிவைத்தல் நன்று.

எளியது பாம்பு. நீண்ட ஓலைத் துண்டொன்றை நடுவிற் செங்கோணமாக மடிக்க. இப்போது இரு கைகள் உண்டாகும். கீழே கிடக்கும் கையை மேலுள்ளதன்மீது மடிக்க. அடுத்து, கீழாகிவிட்ட மற்றதனை அவ்வாறே மேலே மடிக்க. இங்ஙனம் மாறிமாறி முனைவரை மடித்துச் செல்லின், நீளவும் சுருங்கவும் வல்ல படிக்கட்டுப்போன்ற உடல் அமையும். முனைகளை முடிந்து தலையாக்கலாம். மடிப்புக்கள் யாவும் ஒரே சதுரமாயிருத்தலைப் பிள்ளைகளுக்குக் காட்டுக.

அடுத்தது காற்றாடி. ஒரு சாண் நீளமுள்ள நான்கு துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டாக மடிக்க. முதல் துண்டை இரண்டாவதன் மடிப்புக் கவ்வுமாறும், இரண்டாவதை மூன்றாவதும் மூன்றாவதை நான்காவதும் அவ்வாறே கவ்வுமாறும் வைத்து, நான்காவதன் இரு முனைகளையும் முதலாவதன் மடிப்புக்குள் நுழைத்து, நான்கையும் மெல்ல இழுத்து இறுக்குக. நடுவே ஒரு சதுரமும் நாற்புறமும் நான்கு இறக்கைகளும் தோன்றும். நடுச் சதுரத்தில் முள்ளைக் குத்தி ஒரு குச்சியிற் பொருத்தி, இறக்கைகளின் இரட்டை இதழ்களைச் சற்றே பிரித்துவிட்டால், குழந்தை காற்றை எதிர்த்து ஓடும்போது காற்றாடி சுழலும். புரோபெலின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கும் காகித விண்மீனின் தொடக்கமும் நான்கு துண்டுகளை இவ்வாறு ஒன்றையொன்று கவ்வச் செய்வதே என்பது கருதத்தக்கது.

மூன்றாவதாகிய கிலுகிலுப்பை, பின்னல் பழகிய பெரிய பிள்ளைகளுக்கு உரியது. சிறு பெட்டியொன்று பின்னி, மூடுமுன் சில சிறு கற்களை இட்டு, கைப்பிடியாக ஓலையை நீட்டிவிடுவதே அது. குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்திற் கிடைத்த ஓலையைச் சிலுவையாக மடித்துப் பழகிய பிள்ளைகள் இவ்வேலைகளை விரைவிற் பற்றிக்கொள்வர்.

இரண்டின் தன்மை

கம்பி, ஓலை ஆகிய இரண்டனுள் எது சிறந்தது என வினவுவார்க்கு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடத்தைக் கற்பிக்கும் என்பதே விடை. கம்பி குழந்தையின் விருப்பத்துக்கு முற்றும் இணங்கும். தவறாக வளைத்தால் நிமிர்த்தி மீண்டும் வளைக்கலாம். ஆதலின் நான்கைந்து வயதினர்க்கு அது தைரியமூட்டும் தோழன். ஓலையோ அத்தகையதன்று. அதற்கு நரம்புண்டு, போக்குண்டு. ஈரம் குறைந்தால் முறியும், மிகுந்தால் துவளும். ஓலையில் விழுந்த மடிப்பு அழிவதில்லை. ஆகவே மடிக்குமுன் எண்ணிப் பார்க்கவும், பொருளின் இயல்பையறிந்து அதற்கேற்பத் தன் கையை அடக்கவும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் அதனிடம் கற்பர். கம்பியில் தொடங்கி ஓலைக்கு ஏறுவதே தக்க முறையாகும். செலவு நோக்கினும், கம்பியைக் கடையில் வாங்கவேண்டும். செயற்கை இழை மண்ணில் மக்குவதுமில்லை. ஓலை ஊரிலேயே கிடைப்பது, உதிர்ந்தால் எருவாவது.

ஊரிற் கிடைப்பது என்றோம். எத்தனை நாள் கிடைக்கும் என்பதே கவலைக்குரியது. அக்கானி அருந்தும் பட்டை, சுமை ஏற்றும் கடவம், கிணற்றில் நீர் இறைக்கும் தோண்டி, விசிறி, பெட்டி, பாய் என நம் மாவட்டத்து வீடுகளில் ஓலையாலாகாத பொருள் அரிதாயிருந்த காலம் உண்டு. இன்று விளவங்கோட்டுச் சரிவுகளில் ரப்பர் மரங்கள் நிறைந்துள்ளன, பனையேறுவோர் அருகிவிட்டனர், பிளாஸ்டிக் குடமும் கூடையும் ஓலைப் பொருள்களின் இடத்தைப் பிடித்தன. பனை நம் மாநில மரம். அதனை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசினர் அறிவித்தனர். சட்டம் மரத்தைக் காக்கலாம். ஓலையை வாரி மடிக்கும் கைப்பழக்கத்தைக் காக்க இயலாது. அஃது ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு நேரே செல்லவேண்டிய செல்வம். கொடுப்பவர் மறைந்தபின் அதனை எந்நூலிலிருந்தும் முழுமையாக மீட்டல் அரிது.

ஆசிரியர் செய்யக்கூடியது

இதற்கு வேண்டுவது பெருஞ்செலவன்று. சிதறால் போன்ற ஊர்களில் ஓலை முடையத் தெரிந்த பாட்டிமாரும் பனையேறிய பாட்டனாரும் இன்னும் உளர். மாதம் ஒருமுறை அவர்களுள் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்து, ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தி, பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்யலாம். எழுத்தறியாதவர் எனத் தம்மைத் தாழ்வாக எண்ணியிருந்த ஒரு மூதாட்டியிடம் வகுப்பு முழுவதும் பாடங்கேட்கும்போது, அம்மூதாட்டியின் பேரப்பிள்ளை தன் வீட்டுத் தொழிலைக்குறித்து நாணமடையாது. பனைத்தொழிற் குடும்பத்திலே பிறந்த பிள்ளை தலைநிமிர்ந்து உட்கார அவ்வொரு மணி நேரம் உதவுமானால், அதுவே அவ்வகுப்பின் பெரும்பயன்.

அன்றியும், பள்ளியின் எல்லையோரத்தில் ஆண்டுதோறும் சில பனங்கொட்டைகளைப் பிள்ளைகள் கையால் ஊன்றச் செய்யலாம். பனை காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகுமாயினும், வடலியாய் நிற்கும்போதே கைவேலைக்கு ஓலை தரும். இன்று கொட்டையை ஊன்றும் வகுப்பினர்க்கு அவ்வோலை கிடையாமற் போகலாம். அவர்க்குப் பின்வரும் வகுப்பினர்க்குக் கிடைக்கும்.

ஆசிரியராக வெளியேறும் நம் மாணவ நண்பர்கள் பஞ்சுக்கம்பிக் கட்டொன்றைக் கடையில் வாங்குக. அதனைத் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை. அதனோடு, தாம் பணிபுரியும் ஊரிற் பனை எங்கு நிற்கின்றது, அதன் ஓலையை மடிக்க அறிந்தவர் யாவர் என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டறிக. அறிந்தவர் இருக்கும்பொழுதே கேட்டுக் கற்றல் நம் கடமையாம்.