பலகையில் உள்ள பட்டம் நிஜமா?
வீடு கட்டுவோர் கவனிக்க!

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்பது பழமொழி. விளாத்திகுளம் பக்கம் வீடு கட்டுவது இன்னும் கஷ்டம். காரணம், மண்!

அது கரிசல் மண். மழை பெய்தால் உப்பும். வெயிலில் சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கும். மேலாக அஸ்திவாரம் போட்டால், மண்ணோடு சேர்ந்து அதுவும் அசையும். சுவரில் விரிசல் விழும்.

இத்தகைய மண்ணுக்காக, ரூர்க்கி நகரில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒரு முறையை உருவாக்கியது. ஆழமாகக் குழி தோண்டி, அடிப்பக்கம் குடம்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை அமைப்பதே அந்த முறை.

ஆகவே, யாரை நம்பி வீட்டை ஒப்படைக்கிறோம் என்பது முக்கியம்.

பெயர் வளருகிறது

கொத்தனார், மேஸ்திரி ஆகிறார். மேஸ்திரி, காண்டிராக்டர் ஆகிறார். இவை உழைப்பால் வந்த பெயர்கள். தவறு இல்லை.

ஆனால், சொந்தமாகத் தொழில் நடத்தும் சிலர் அதோடு நிற்பதில்லை. வீட்டுக்குப் பிளான் போடத் தெரிந்ததும், "ஆர்க்கிடெக்ட்" என்று பலகை மாட்டிவிடுகிறார்கள்.

அப்படி மாட்டலாமா? கூடாது!

ஆர்க்கிடெக்ட் என்பது 5 ஆண்டுப் படிப்பு. படித்தால் மட்டும் போதாது. ஆர்க்கிடெக்டுகள் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது, 1972-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதப்பட்டது. மறுபடியும் செய்தால் 6 மாதம் வரை ஜெயில்!

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு கூறியது. பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால், அந்த வேலையைச் செய்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பதே அதன் சாரம்.

அதாவது, இந்தச் சட்டம் காப்பது பெயரை. வீட்டைக் காத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்!

என்ன செய்யலாம்?

ஆர்க்கிடெக்ட் என்று சொல்பவரிடம் பதிவு எண் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துச் சொல்வார்கள்.

அஸ்திவாரம் தோண்டுமுன் மண்ணைப் பரிசோதனை செய்யுங்கள்.

கரிசலில் அவர் கட்டிய பழைய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சில மழைக்காலமும் கோடையும் கண்ட வீடாக இருக்கட்டும். சுவரைத் தடவிப் பாருங்கள்.

"நான் கொத்தனார்" என்று சொல்லி, விரிசல் இல்லாத வீட்டைக் காட்டுகிறவர் மதிப்புக்குரியவர். பெரிய பலகையை மட்டும் காட்டுகிறவரிடம் பணத்தைக் கொடுக்குமுன் யோசியுங்கள்!