புல்வெளிப் பூனைகள் – 7: பின்னங்காலில் ஒரு தட்டு

சென்ற வாரம் சிங்கக்குட்டிகளின் குறும்பைப் பார்த்தோம். இந்த வாரமும் தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளிதான். ஆனால் குடும்பம் வேறு. சிவிங்கிப்புலிக் குடும்பம்.

கரையான் புற்றின் மேல் தாய் உட்கார்ந்திருக்கிறாள். கண் முழுக்கத் தூரத்தில் மேயும் தாம்சன் மான்கள் மீது. கீழே மூன்று மாதக் குட்டிகள் மூன்று. பிடரியிலும் முதுகிலும் சாம்பல் நிறத்தில் சிலிர்த்த மயிர். இலவம்பஞ்சுத் தலையணையைக் கிழித்து மேலே கொட்டிக்கொண்டதுபோல. இந்த மயிர் புல்லுக்குள் மறைந்துகொள்ள உதவும். யாருக்கும் அஞ்சாத தேன்வளைக்கரடியின் சாயலைக் காட்டி எதிரியை விலக்கவும் உதவலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

ஒரு குட்டி வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பதுங்குகிறது. இடுப்பு மட்டும் இப்படியும் அப்படியும் அசைகிறது. இன்னொன்று எதுவும் அறியாமல் தாயின் வால் நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே பாய்ச்சல்! வாலை விட்டுவிட்டு அது ஓட, துரத்திய குட்டி முன்னங்காலை நீட்டி அதன் பின்னங்காலில் ஒரு தட்டுத் தட்டுகிறது. ஓடிய குட்டி குட்டிக்கரணம் போட்டு உருள்கிறது. எழுந்ததும் முறை மாறிவிடும். தட்டியது ஓட வேண்டும், விழுந்தது துரத்த வேண்டும்.

அந்தத் தட்டில்தான் இந்த இனத்தின் பிழைப்பே இருக்கிறது. சிங்கத்தைப் போல ஆளை அமுக்கிச் சாய்க்கும் எடை சிவிங்கிப்புலிக்கு இல்லை. முழு வேகத்தில் ஓடும் மானின் பின்னங்காலையோ இடுப்பையோ தட்டி, அதை நிலைகுலைய வைத்துத்தான் வீழ்த்தும். மற்ற நகங்கள் ஓட்டக்காரரின் ஆணிச் செருப்புபோல மண்ணைப் பற்றித் தேய்ந்து மழுங்கியிருக்கும். முன்னங்காலின் உள்பக்கம், சற்று உயரத்தில் இருக்கும் ஒற்றை நகம் மட்டும் தரையில் படாது. கொக்கிபோல் கூராகவே இருக்கும். தட்டும்போது மாட்டி இழுப்பது அதுதான்.

குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் தாய் மான்குட்டியை உயிரோடு பிடித்துவந்து அவற்றின் முன் விடுகிறாள். அவை துரத்தும், தட்டும், கோட்டை விடும். தப்பி ஓடுவதைத் தாயே மறுபடி பிடித்து வருவாள்.

இந்தப் பயிற்சிக்கு வாய்ப்புக் கிடைப்பதே அரிது. செரெங்கெட்டிச் சமவெளியில் கேரன் லாரன்சன் செய்த ஆய்வில், ஏறக்குறைய இருபது குட்டிகளில் ஒன்றுதான் தாயைப் பிரியும் வயதுவரை பிழைத்தது. பெரும்பாலானவற்றைக் கொன்றவை சிங்கங்கள். அதனால்தான் தாய் புற்றை விட்டு இறங்குவதில்லை. ஆபத்து தெரிந்தால் அவளிடமிருந்து கர்ஜனை வராது. அந்தத் தொண்டைக்குக் கர்ஜிக்கவே வராது. குட்டிகளைத் தேடி அழைக்கும்போதும் பறவைபோல ஒரு கீச்சொலிதான்.

ஒன்றரை வயதில் தாய் பிரிந்துவிடுவாள். சில மாதங்கள் கழித்துப் பெண்கள் தனி வழி போவார்கள். ஆண்கள் பெரும்பாலும் கடைசிவரை சேர்ந்தே இருப்பார்கள், சேர்ந்தே வேட்டையாடுவார்கள். புற்றடியில் ஒருவனையொருவன் தட்டி வீழ்த்திய அதே கால்கள், அப்போது ஒரே மானைத் துரத்திக்கொண்டிருக்கும்.

அந்த ஓட்டத்தில் வால் செய்யும் வேலையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)