கான்பூர் வீடும் மவுண்ட் ரோடு சிலையும்

கான்பூர் பீபிகர் ஒரு சின்ன பங்களா. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தன் இந்தியத் துணைவிக்காகக் கட்டியது. பெயர் வந்ததும் அப்படித்தான். 1857 ஜூலையில் நானா சாகிப் தரப்பினர் இதில் அடைத்து வைத்திருந்தது சுமார் 200 பேரை. ஏறக்குறைய அனைவரும் ஆங்கிலேயப் பெண்கள், குழந்தைகள். ஹாவ்லக்கின் படை நெருங்கியதும், 15ஆம் தேதி, கதை முடிக்கப்பட்டது. சிப்பாய்கள் மறுக்கவே, வெளியாட்கள் வாளோடு அழைத்து வரப்பட்டார்கள். மறுநாள் உடல்கள் பக்கத்துக் கிணற்றில்.

அடுத்த சில நாட்களில் வந்து சேர்ந்தார் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் கர்னல் நீல். பிடிபட்டவர்களைச் சவுக்கால் அடித்து, அந்த வீட்டின் ரத்தக்கறையைச் சுத்தம் செய்யவைத்து, பிறகு தூக்கிலிட்டார். பீபிகருக்குப் பழிவாங்கினார் என்பது பாதி உண்மைதான். அலகாபாத்தில் அவரது படை ஊர்களைக் கொளுத்தியது அதற்கு முந்தைய மாதம்.

வீட்டை இடித்தார்கள். கிணற்றின் மேல் பளிங்குத் தேவதை எழுந்தது. இந்தியர்கள் அந்தத் தோட்டத்துக்குள் நுழையத் தடை. நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம். இளைஞர் காமராஜும் அதில் ஈடுபட்டார். 1937இல் ராஜாஜி அரசு அதை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது.

சுதந்திரத்துக்குப் பின் தேவதை சர்ச் வளாகத்துக்கு இடம் மாறியது. பீபிகர் இருந்த தோட்டம் இன்று நானா ராவ் பூங்கா. அங்கே தாந்தியா தோபேக்குச் சிலை இருக்கிறது.