300 மணி நேரம் ஓடிய இன்ஜினா, 1,500 மணி நேரம் ஓடிய இன்ஜினா?

அமெரிக்காவில் பழைய சின்ன விமானம் ஒன்றை வாங்க நினைப்பவர், விற்பனை விளம்பரத்தில் விலைக்கு அடுத்தபடியாகத் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான். கடைசியாக ஓவர்ஹால், அதாவது முழுக்கப் பிரித்துச் சரிசெய்யும் வேலை, நடந்த பிறகு இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதே அது. அந்த எண் சிறிதாக இருந்தால் விலை ஏறும். பெரிதாக இருந்தால் இறங்கும். சந்தை முழுக்க இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. ஆனால் இன்ஜினுக்குள் இருக்கும் உலோகம் இந்தக் கணக்குப்படி நடந்துகொள்வதில்லை. வாங்குகிறவர் பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த நான்கு இருக்கை விமானம் இதுவரை 44,000-க்கு மேல் தயாராகியிருக்கிறது. நம் நாட்டு விமானப் பயிற்சிப் பள்ளிகளிலும் இதைப் பார்க்கலாம். 1986-இல் உற்பத்தி நின்று, பத்து ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. அதனால் பழைய விமானச் சந்தையில் இன்றும் நிறையக் கிடைப்பவை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிறந்தவை.

1968 முதல் இந்த விமானத்தின் மூக்கில் உட்கார்ந்திருந்தது லைகாமிங் ஓ-320 இன்ஜின். பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் தயாராவது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். குளிர்விப்பது காற்றுதான், ரேடியேட்டர் கிடையாது. கொள்ளளவு 5.2 லிட்டர், தருவதோ 150 குதிரைத்திறன். இன்றைய கார் இன்ஜின் இதைவிட மிகச் சிறிய கொள்ளளவில் இதே திறனைத் தந்துவிடும். கியர்பாக்ஸ் இல்லாமல் கிராங்க்சாஃப்டிலேயே விசிறி பூட்டப்பட்டிருப்பதால் நிமிடத்துக்கு 2,700 சுற்றைத் தாண்டக் கூடாது. மெதுவாகச் சுற்றும் பெரிய இன்ஜின் என்பதால், மணிக்கணக்கில் முக்கால் பங்கு திறனிலேயே ஓடினாலும் அது தாங்கும்.

இந்த இன்ஜினுக்கு லைகாமிங் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள், எது முந்துகிறதோ அது. 2,000 மணி நேரம் பறந்தால் சுமார் நான்கு லட்சம் கிலோமீட்டர் ஆகும். இது பரிந்துரை மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை அமெரிக்கச் சட்டம் இதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. 12 மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனையில் தேறினால் போதும். 2,000 மணி நேரத்தைத் தாண்டியும் ஓட்டலாம். வாடகைக்கு ஆள் ஏற்றுகிற நிறுவனங்களின் நிலைமை வேறு.

செலவுக்கு வருவோம். இந்த நான்கு சிலிண்டர் இன்ஜினை நல்ல பட்டறையில் ஓவர்ஹால் செய்ய இப்போது பொதுவாக 30,000 டாலருக்கு மேல் ஆகிறது. கணக்குக்காக 36,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், நம் பணத்தில் 30 லட்சம் ரூபாய்க்கும் மேல். அதை 2,000-ஆல் வகுத்தால் மணிக்கு 18 டாலர். பெட்ரோல், ஹேங்கர் வாடகை, காப்பீடு எல்லாவற்றையும் தாண்டி, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இந்த 18 டாலரை எடுத்துவைக்க வேண்டும் என்பது விமானம் வைத்திருப்பவர்களின் வழக்கமான கணக்கு.

இந்தக் கணக்கு எளிதில் சரிந்துவிடக்கூடியது. இன்ஜின் 1,000 மணி நேரத்திலேயே கைவிட்டால் மணிக்கு 36 டாலர். 2,500 வரை நன்றாக ஓடினால் 14 டாலர் 40 சென்ட். பட்டறைக் கட்டணத்தோடும் செலவு முடிவதில்லை. இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலி, புது ஆயில் ஹோஸ்கள், இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள், காற்றைத் திருப்பும் தகடுகள், புகைக்குழாய் என்று பட்டியல் நீளும். பிரித்த பிறகு கிராங்க்சாஃப்டில் விரிசல் தெரிந்தால் மதிப்பீடு எங்கோ போய்விடும். விமானம் மாதக்கணக்கில் தரையில் நிற்கும். இத்தனையும் செலவழித்த பிறகு விற்கப் போனாலும் போட்ட பணம் முழுவதும் விலையில் திரும்பி வராது.

இப்போது ஒரே வயது, ஒரே மாதிரியான இரண்டு 172 விற்பனைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, 24 ஆண்டுகளுக்கு முன் ஓவர்ஹால் ஆனது. அதன் பிறகு 300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. இரண்டாவது, 12 ஆண்டுகளுக்கு முன் ஓவர்ஹால் ஆகி 1,500 மணி நேரம் ஓடியது. சந்தைக் கணக்குப்படி முதல் இன்ஜினில் 1,200 மணி நேரம் கூடுதலாக மிச்சம் இருக்கிறது. மணிக்கு 18 டாலர் வீதம் 21,600 டாலர் அதிகம் கேட்பார்கள். நான் அந்தப் பணத்தைக் கொடுக்க மாட்டேன். இரண்டில் ஒன்றுதான் வேண்டுமென்றால் 1,500 மணி நேரம் ஓடியதைத்தான் வாங்குவேன்.

காரணம், துரு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இன்ஜினின் அடிவயிற்றுக்குள் இறங்குகிறது. நன்றாகச் சூடாகி ஒரு மணி நேரம் பறந்தால் ஆயிலில் கலந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். பறக்காமல் நிற்கிற இன்ஜினில் அது அமிலத்தோடு சேர்ந்து தங்கிவிடும். தரையில் நின்றபடியே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இன்னும் கெடுதல். ஈரம் சேருமே தவிர, அதை விரட்டும் அளவுக்குச் சூடு ஏறாது.

லைகாமிங் இன்ஜின்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பலவீனம் உண்டு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்சாஃப்ட், இவற்றில் கிராங்க்சாஃப்டுக்கு மேலே, உச்சியில் இருக்கிறது. அதன் மேடுகளுக்கு ஆயில் கிடைப்பதே கிராங்க்சாஃப்ட் சுற்றும்போது தெறிப்பதால்தான். இன்ஜினை நிறுத்தினால் ஆயில் மெல்ல வழிந்து கீழே போய்விடும். போட்டி நிறுவனமான கான்டினென்டலின் இன்ஜின்களில் கேம்சாஃப்ட் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. வாரக்கணக்கில் வறண்டு கிடக்கும் கேம் மேட்டின் மேல் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளிகள் விழும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்தப் புள்ளிகள் மேல் ஏறும். கடினமாக்கப்பட்ட மேல்தோல் அங்கிருந்து செதில் செதிலாகப் பெயரத் தொடங்கும். அதற்குப் பிறகு நிறுத்த வழியில்லை. மேடு தேயும், வால்வு திறக்கும் அளவு குறையும், திறன் குறையும், உலோகத் துகள் ஆயிலோடு எல்லாப் பேரிங்குகளுக்கும் போகும்.

கேமைத் தொட்டு நகரும் டேப்பெட்டுகளின் தலை, ஓ-320-இன் பெரும்பாலான வகைகளில் காளான் வடிவில் உள்பக்கம் விரிந்திருக்கும். இன்ஜின் கூட்டை இரண்டாகப் பிளக்காமல் அவற்றை வெளியே எடுக்கவே முடியாது. ஆகவே கேம் போனால் ஓவர்ஹால்தான். 1977-இல் 172-க்கு வந்த ஹெச் வரிசை இன்ஜின் இந்தக் கேம் தொல்லையாலேயே பேர் கெட்டது. 1981-இல் செஸ்னா வேறு வகைக்கு மாறிவிட்டது.

நம் முதல் விமானம் 24 ஆண்டில் 300 மணி நேரம் ஓடியது. சராசரி போட்டால் மாதத்துக்கு ஒரு மணி நேரம் வரும். ஆனால் யாரும் சராசரிப்படி பறப்பதில்லை. கோடையில் நாலைந்து முறை பறந்துவிட்டு, குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்திருப்பார்கள். முப்பது நாளைக்குள் ஒருமுறையாவது, ஆயில் நன்றாகச் சூடேறித் தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்று லைகாமிங் சொல்கிறது. மாதம் 40 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பறக்கும் இன்ஜின்களுக்கோ, பரிந்துரைத்த ஆயுளில் 200 மணி நேரத்தைக் கூட்டியே தருகிறது. அதிகம் ஓடுவது ஆயுளை நீட்டும் என்பதை உற்பத்தியாளரே ஒப்புக்கொள்கிறார்.

சரி, இப்போதுதான் ஓவர்ஹால் ஆன இன்ஜின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் விமானப்படையின் கடலோரப் பிரிவில் சி. ஹெச். வாடிங்டன் என்ற உயிரியலாளர் வேலை பார்த்தார். கருவளர்ச்சியை ஆராய்ந்தவருக்கு, நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடும் விமானங்கள் ஏன் இத்தனை நாள் பழுதாகி நிற்கின்றன என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு வந்தது. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் சர்வீஸுக்குப் பின் எப்போது பழுதுகள் வருகின்றன என்று அவரது குழு வரைபடம் போட்டது. அடுத்த சர்வீஸ் நெருங்க நெருங்கப் பழுது கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வரைபடம் காட்டியது நேர்மாறு. சர்வீஸ் முடிந்த கையோடு பழுது உச்சத்தில் இருந்தது. பறக்கப் பறக்கக் குறைந்தது. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதுக்குக் காரணமாகியிருந்தது.

1978-இல் யுனைட்டட் ஏர்லைன்ஸின் நௌலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கையும் இதே திசையில் போனது. அவர்கள் பார்த்த பயணிகள் விமான உறுப்புகளில் வயதாக ஆகத் தேய்ந்து பழுதாகும் போக்கைக் காட்டியவை ஏறக்குறைய 11 சதவீதம் மட்டுமே. பொருத்திய புதிதில் பழுதாவதுதான் அதிகம். பிஸ்டன் இன்ஜினுக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. இதில் தேயும் பாகங்கள் நிறைய. ஆனாலும் ஓவர்ஹால் முடிந்து முதல் நூறு, இருநூறு மணி நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம் என்பதில் அனுபவமுள்ள மெக்கானிக்குகளுக்குச் சந்தேகமில்லை.

ஓவர்ஹால் எல்லாமும் ஒன்றல்ல. சட்டப்படி அந்தப் பேரைச் சொல்ல, இன்ஜினை முழுக்கப் பிரித்து, கழுவி, சோதித்து, தேவையானதைச் சரிசெய்து, பூட்டி, ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எஃகுப் பாகங்களுக்குக் காந்தமேற்றி, ஒளிரும் துகள்களைத் தெளித்து, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதில் பளிச்சென்று பச்சைக் கோடாகத் தெரியும். தேய்மானத்தில்தான் இருவேறு வழக்கங்கள். புதுப் பாகத்துக்குரிய அளவுக்குள் எல்லாவற்றையும் கொண்டுவருவது ஒன்று. 'இன்னும் ஓடும்' என்று அனுமதிக்கப்பட்ட தேய்மான எல்லைக்குள் இருந்தால் பழையதையே மாட்டுவது இன்னொன்று. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவை. பராமரிப்பைப் பதிந்து வைக்கும் லாக்புக்கில் இரண்டுக்கும் பேர் ஓவர்ஹால்தான். விற்பதற்காகவே ஓவர்ஹால் செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை ஊகிக்கலாம். அதனால்தான் நாள்பட்ட விமானக்காரர்கள் பலர், ஆயுள் முடிந்த இன்ஜினோடு அதற்கேற்ற குறைந்த விலையில் விமானத்தை வாங்கி, தாங்களே பட்டறையைத் தேர்ந்தெடுத்து ஓவர்ஹால் செய்வதை விரும்புகிறார்கள். கையில் பணமும் பொறுமையும் இருப்பவருக்கு அது நல்ல வழி.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, இன்ஜினிலும் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியே போர்ஸ்கோப் என்ற மெல்லிய கேமராவை உள்ளே விட்டால் புகைபோக்கி வால்வின் முகம் திரையில் தெரியும். நல்ல வால்வில் நிறம் நடுவிலிருந்து விளிம்பு வரை சீரான வட்டங்களாக இருக்கும். ஒரு பக்க விளிம்பு மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்த இடத்தில் வால்வு சரியாக உட்காரவில்லை, சூடு கசிகிறது என்று பொருள். வால்வு உடைவதற்கு முந்தைய கட்டம் அது. அடுத்து அழுத்தச் சோதனை. சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். 70-க்கு மேல் நின்றால் மகிழ்ச்சி. 60-க்குக் கீழே போனால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். புகைக்குழாயில் 'உஸ்' சத்தம் வந்தால் கோளாறு புகைபோக்கி வால்வில். ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் வளையத்தில்.

ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான செதில் இருந்தால் அது எஃகு; கேமையோ டேப்பெட்டையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பு, குரோமியம், செம்பு, அலுமினியம் ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவார்கள். ஒரு முறை எடுத்த எண்ணைவிடப் பல ஆண்டு எண்களின் போக்குதான் பேசும். பிறகு லாக்புக். மொத்த மணி நேரத்தைப் பார்த்து மூடிவிடாதீர்கள். ஆயில் மாற்றிய தேதிகளை வரிசையாகப் படியுங்கள்; இடையில் விழுந்த ஓட்டைகள் அங்கே தெரிந்துவிடும். எப்போதாவது விசிறி தரையில் இடித்ததா, இடித்த பிறகு இன்ஜினைப் பிரித்துச் சோதித்தார்களா என்பதும் அங்கேதான் இருக்கும். விமானம் எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள். அரிசோனாவின் வறண்ட பாலையில் நின்றதும் புளோரிடாவின் உப்புக்காற்றில் நின்றதும் ஒரே விலைக்கு உரியவை அல்ல.

இத்தனையும் பார்த்தாலும் லைகாமிங்கின் கேம் மட்டும் கண்ணில் படாது. அதை நேரில் பார்க்க ஒரு சிலிண்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றுவதிலேயே ஆபத்து உண்டு என்பதால் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் அதைக் கேட்க வேண்டியதில்லை. நீண்ட காலம் நின்ற இன்ஜினில் கேட்டே ஆக வேண்டும். விற்பவருக்கு வழக்கமாக வேலை செய்யும் மெக்கானிக்கை விட்டுவிட்டு, நீங்களே கூலி கொடுத்து அமர்த்தும் மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். விற்பவர் சிலிண்டரைத் தொட விடமாட்டேன் என்றால் அது அவர் உரிமை. அப்போது 300 மணி நேரம் என்ற எண்ணை மறந்துவிட்டு, அந்த இன்ஜினில் மிச்ச ஆயுள் எதுவும் இல்லை என்று வைத்து, முழு ஓவர்ஹால் செலவையும் கழித்துவிட்டு விலை பேசுங்கள். அந்த விலைக்கு அவர் இறங்கி வராவிட்டால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.