குளிர் தேடும் பிரயாணம்

கோடை விடுமுறை நெருங்கியதும், பெங்களூரில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியின் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வினா எழுவதுண்டு: "இவ்வாண்டு உதகைக்கா, ஏற்காட்டுக்கா?" இதில் ஒரு விந்தை இருக்கிறது. பெங்களூரே ஒரு காலத்தில் வெயிலுக்கு அஞ்சியோர் நாடி வந்த ஊர் அன்றோ! கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம் அளித்த வரம் அது. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றோர் பலர் இங்கே வந்து வீடு கட்டிக்கொண்டனர். அந்நகரில் 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. இது முழுவதையும் உலகத் தட்பவெப்ப மாறுதலின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமாகாது. ஏரிகளைத் தூர்த்தோம், மரங்களை வெட்டினோம். நாம் குடியிருக்கும் மனையே பழைய ஏரிக்கரையாக இருந்திருக்கக்கூடும்.

மலைவாசஸ்தலம் என்ற ஏற்பாடே வெப்பத்தினால் பிறந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி வெப்பம் குறையும். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறிச் சென்றார். பின்னர் சென்னை ராஜதானியின் அரசாங்கமே கோடைதோறும் உதகைக்கு இடம் பெயர்ந்தது. 1908இல் மலைரயிலும் அங்கு எட்டியது. யாவும் அக்குளிரின் பொருட்டே. உதகையின் மூலதனம் அதுதான்.

அம்மூலதனம் கரைந்து வருகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் 29 டிகிரி பதிவாயிற்று. ஒரு நாளின் அளவைக் கொண்டு தீர்ப்பு எழுத இயலாது. ஆயினும், மின்விசிறியை அறியாதிருந்த இல்லங்களுக்கு இது சிறிய செய்தி அன்று. மழையின் குணமும் மாறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே, பெய்யும்போது பெருமழையாகக் கொட்டும் வாய்ப்பு மிகுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சரிவை வெட்டி விடுதி எழுப்பிய இடத்தில் அத்தகைய மழை விழுந்தால் மண் எங்ஙனம் நிற்கும்? மண் சரிந்தால் சாலையும் ரயில்பாதையும் அடைபடும். குதிரைக்காரரும், வாடகைக் கார் ஓட்டுபவரும், வர்க்கி விற்பவரும் அன்றாடக் கூலியை இழப்பர்.

பிரயாணி இதில் துன்புறுபவர் மட்டும் அல்லர். பூமியைச் சூடேற்றும் வாயுக்களில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவினால் எழுவதாக 2018இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. குளிரை நாடி நாம் செலுத்தும் காரின் புகையும் அக்கணக்கில் அடங்கியதே. அது மட்டுமன்று, கோடையில் மலையூரின் தண்ணீரையும் நாம் பங்கிட்டுக்கொள்கிறோம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. நம்மவருள் சிலர் இதனைத் தொல்லை என்கின்றனர். என் கருத்தில் இது காலந்தாழ்ந்து வந்த ஏற்பாடு. அரசுப் பேருந்தில் செல்பவருக்கு இவ்வரம்பு இல்லை. பொம்மனஹள்ளிக் குடும்பம் மைசூர், பந்திப்பூர் வழியாகப் பேருந்திலேயே உதகைக்குச் செல்லலாம்; மே மாத நெரிசலைத் தவிர்த்துச் சென்றால் அறை வாடகையும் குறையும்.